ஊருக்கு ஊர் ஒரு செருகி

யாழ்ப்பாணப் பட்டினத்தின் கிழக்குப் புறத்தே, கடனீரேரியின் கரையில் அமைந்த பழைய ஊர் கொழும்புத்துறை. துறை என்ற சொல்லே அவ்வூரின் வரலாற்றைப் பாதி சொல்லிவிடுகிறது. வள்ளங்கள் வந்து தங்கவும் பொருள்கள் ஏறி இறங்கவும் பயன்பட்ட கரை அது. இன்றும் அவ்வூருக்கு அயலிடத்துப் பொருள்கள் வந்து இறங்கிய வண்ணமே இருக்கின்றன. ஆனால், அவை வள்ளத்தில் வருவதில்லை. நல்லூர்த் திருவிழாக் காலம் நெருங்கியதும் சூரிச்சிலிருந்தும் பாரிஸிலிருந்தும் இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் உறவினர் வருகின்றனர். அவர்களுடைய பயணப் பெட்டிகளில் சொக்கிளேற்றுக்கும் சேலைக்கும் இடையே ஏதேனும் ஒரு மின்கருவி இருப்பது வழக்கம். அம்மாவுக்கு ஒரு சோறாக்கும் பானை, அண்ணிக்கு ஒரு தலைமயிர் உலர்த்தி, வருபவரின் கைத்தொலைபேசிக்கு ஒரு மின்னேற்றி. பெட்டி திறந்து பொருள் கைமாறிய சிறிது நேரத்திலேயே வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது: இதனைச் சுவரில் எவ்வாறு பொருத்துவது?

பேச்சு வழக்கில் ‘பிளக்’ எனப்படுவதை நூல் வழக்கில் செருகி என்பர். அது சென்று பொருந்தும் துளையுடைய பகுதி குதை எனப்படும். செருகி ஒரு நாட்டினதாகவும் குதை வேறொரு நாட்டினதாகவும் இருக்கும்போது இரண்டுக்கும் நடுவே தூது செல்லும் சிறு கருவியே மாற்றுச்செருகி. கடைக்காரர் ‘அடப்ரர்’ என்று எடுத்துத் தருவது அதுவே. விலையில் அற்பமான பொருள்தான். எனினும் வீட்டின் மின்சாரம் முழுவதும் அச்சிறு பொருளினூடாகவே கருவிக்குச் செல்கிறது என்பதை நினைவிற் கொண்டால், அதனை அற்பமென்று தள்ள மனம் வராது.

உலகம் முழுவதும் மின்சாரம் ஒன்றுதானே, செருகி மட்டும் ஏன் நாட்டுக்கு நாடு வேறுபட வேண்டும் என்று கேட்பது இயல்பு. மின்சாரம் முதன்முதல் வீடுகளுக்குள் வந்தபோது விளக்கெரிப்பதற்காகவே வந்தது. 1882ஆம் ஆண்டில் எடிசன் நியூயோர்க்கில் தொடங்கிய மின்நிலையத்தின் நோக்கமும் அதுவே. பின்னர் மின்விசிறியும் இஸ்திரிப்பெட்டியும் தோன்றியபோது அவற்றை விளக்குக் குமிழ் மாட்டும் இடத்திலேயே திருகி மாட்டினர். கழற்றி மாட்டக்கூடிய செருகி ஒன்றுக்கு 1904ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹார்வி ஹபெல் என்பவர் காப்புரிமை பெற்றார். அதன்பின் ஒவ்வொரு நாட்டிலும் உற்பத்தியாளர் தத்தம் மனம்போல வடிவங்களை அமைத்தனர். 1906ஆம் ஆண்டிலேயே சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு தோன்றிவிட்டதாயினும், சுவர்கள் தோறும் குதைகள் பதிக்கப்பட்டுவிட்ட பிறகு அவற்றைப் பெயர்த்தெடுக்க எந்த நாடு முன்வரும்? அவ்வாணைக்குழு 1986ஆம் ஆண்டில் உலகுக்கெல்லாம் பொதுவாகும் என்ற நம்பிக்கையுடன் ஒரு வடிவத்தை வெளியிட்டது. அதனைத் தழுவிய வடிவங்களைப் பிரேசிலும் தென்னாபிரிக்காவும் ஏற்றன. ஏனைய நாடுகள் பாராட்டிவிட்டுத் தம் வழியே போயின.

இலங்கை ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்தமையால் அவர்களின் வட்டமுனைச் செருகியையே முதலிற் பெற்றது. மூன்று உருண்டையான பித்தளை முனைகள் கொண்ட அவ்வகையில் இரண்டு அளவுகள் வழங்கின. விளக்குக்கும் வானொலிக்கும் 5 அம்பியர்ச் செருகி; இஸ்திரிப்பெட்டிக்கும் கேத்தலுக்கும் பருத்த 15 அம்பியர்ச் செருகி. பழைய வீடுகளின் சுவர்களில் இவை இன்றும் காணப்படுகின்றன. ஆங்கிலேயரோ இரண்டாவது உலகப் போர் முடிந்து நாட்டை மீளக் கட்டியெழுப்பும் வேளையில் தம் பழைய செருகியைக் கைவிட்டு, 1947ஆம் ஆண்டில் தட்டையான மூன்று முனைகளைக் கொண்ட 13 அம்பியர்ச் செருகியைத் தரமாக்கினர். இலங்கையில் இவ்விரு குடும்பங்களும் நெடுங்காலம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தன. 2016ஆம் ஆண்டில் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 13 அம்பியர்ச் செருகியையும் குதையையும் நாட்டின் தரமாக அறிவித்தது. புதிதாகக் கட்டப்படும் வீட்டில் அதனையே காணலாம்.

அந்தத் தட்டைமுனைச் செருகியைச் சற்றே உற்று நோக்குவது தகும். அதனை வகுத்த குழுவில் கரோலின் ஹாஸ்லெற் என்னும் பெண்மணி இருந்தார். அக்குழுவின் ஒரே பெண் உறுப்பினர் அவரே. வீட்டில் தவழும் குழந்தையின் விரலும் அது கண்டெடுக்கும் ஊசியும் குதையினுள் நுழையாதிருக்க வேண்டும் என்ற கவலை அந்த அமைப்பில் முதலிடம் பெற்றது. ஆகவே உயிர்க்கம்பிக்கும் நொதுமற் கம்பிக்கும் உரிய துளைகளின் உட்புறத்தே சிறு கதவுகள் வைக்கப்பட்டன. மேலேயுள்ள புவிமுனை மற்ற இரண்டிலும் நீண்டது. அது முதலில் உட்சென்று கதவுகளைத் திறக்கும். பின்னரே மற்ற முனைகள் மின்சாரத்தைத் தொடும். செருகியின் வயிற்றினுள் ஓர் உருகியும் உண்டு. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாய்ந்தால் அதன் உள்ளிழை உருகி அறுந்து வடத்தைக் காக்கும்.

இவ்வளவு கவனத்துடன் அமைத்த கதவை யாழ்ப்பாணத்து வீடுகளில் எதனால் திறக்கின்றனர் என்றால், ஒரு குமிழ்முனைப் பேனாவால்! ஐரோப்பாவிலிருந்து வந்த இருமுனைச் செருகிக்குப் புவிமுனை இல்லை. எனவே கதவு திறவாது. பேனாவின் முனையையோ தீக்குச்சியையோ மேற்துளையில் நுழைத்து நெம்பிக் கதவைத் திறந்துகொண்டு, இருமுனைச் செருகியைக் கீழே அழுத்திவிடுகின்றனர். கருவி இயங்குகிறது, எல்லோரும் மகிழ்கின்றனர். ஆனால் அந்த மெல்லிய உருண்டை முனைகள் தட்டைமுனைக்காக அமைந்த வில்லுகளை இறுகப் பற்றுவதில்லை. அங்கே உருகியும் இல்லை. பேனாவுக்குப் பதிலாக ஒருநாள் கத்தரிக்கோல் அகப்படலாம். இதனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாலு வயதுப் பிள்ளையும் அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளும் என்பதை மறக்கலாகாது.

செருகியையே வெட்டி எறிந்துவிட்டு, வெறும் கம்பி நுனிகளைத் துளையிலிட்டுத் தீக்குச்சியால் இறுக்கும் வழக்கமும் உண்டு. அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கலாம். 1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், மின்கலங்களும் கிடையாத நிலையில், மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை இது. ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் கம்பியோடு கம்பியை முறுக்கிச் செய்தி கேட்ட அந்தத் திறமை வியக்கத்தக்கது. ஆயினும், மிதிவண்டி டைனமோ தருவது 6 வோல்ற்று அளவேயாகும். அக்கம்பியை விரலாற் பிடித்தாலும் தீங்கில்லை. சுவரில் இருப்பது 230 வோல்ற்று. முன்னதற்குப் பழகிய கை பின்னதன்மேல் அவ்வாறே செல்லுமாயின் உயிர் போகும்.

இனி, பழைய வீடுகளில் மறைந்திருக்கும் ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். ஜேர்மனி, நோர்வே முதலிய நாடுகளில் வழங்கும் செருகிக்கு ‘ஷூக்கோ’ என்று பெயர். அதன் இரு உருண்டை முனைகளும் ஏறக்குறைய 19 மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்கின்றன. இலங்கையின் பழைய 5 அம்பியர்க் குதையில் உயிர்த்துளைக்கும் நொதுமற்றுளைக்கும் உள்ள இடைவெளியும் அதுவே! ஆதலால் பழைய குதையில் ஐரோப்பியச் செருகியின் முனைகள் மாற்றுச்செருகி எதுவுமின்றியே உட்சென்றுவிடும். பொருந்திவிட்டது என்று வீட்டார் எண்ணுவர். உண்மையில் பொருந்தவில்லை. ஷூக்கோச் செருகிக்குப் புவித்தொடுப்பு அதன் பக்கங்களில் உள்ள உலோகத் தகடுகளால் கிடைப்பது. பழைய குதையிலோ புவித்தொடுப்பு மேலேயுள்ள பெரிய துளையில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

சந்திக்காவிட்டால் என்ன என்று கேட்கலாம். இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் அடித்தகடு உலோகம். உள்ளே உயிர்க்கம்பியின் உறை தேய்ந்து அக்கம்பி உலோகத்தைத் தொட்டுவிட்டதென்றால், புவிக்கம்பி ஒழுங்காக இருக்கும் வீட்டில் மின்சாரம் அக்கம்பி வழியே நிலத்துக்குப் பாய்ந்து, உருகியை அறுக்கும், அல்லது ‘றிப் சுவிச்’சை விழுத்தும். கருவி நின்றுவிடும், வீட்டார் சலித்துக்கொள்வர், அவ்வளவே. புவித்தொடுப்பு இல்லாத இடத்தில் எதுவும் நிகழாது. கருவி வழக்கம்போல இயங்கும். அதன் உலோக உடல் 230 வோல்ற்றுடன் யாரேனும் தொடுவதற்காகக் காத்திருக்கும். சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன், கிணற்றடியிலிருந்து ஈரம் உலராமல் வந்து நிற்பவர் தொட்டால் அவருடைய உடலே புவிக்கம்பியாகிவிடும். 30 மில்லி அம்பியர்க் கசிவிலேயே விழும் றிப் சுவிச் வீட்டில் இருந்தால் அந்தக் கணத்திலும் காப்பாற்றக்கூடும். பழைய வீட்டில் அது இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பார்த்துக்கொள்வது உறவினர் வருவதற்கு முன் செய்யத்தக்க வேலை.

எல்லாக் கருவிக்கும் புவித்தொடுப்பு வேண்டியதில்லை. கருவியின் அடியில் ஒட்டியுள்ள சிறு தகட்டில் ஒரு சதுரத்தினுள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால், அது இரட்டைக் காப்பு உடையது என்று பொருள். கைத்தொலைபேசி மின்னேற்றி, முகச்சவரக் கருவி போன்றவை பெரும்பாலும் இவ்வகையின. இவற்றுக்கு இருமுனை மாற்றுச்செருகி போதும். அந்தக் குறி இல்லாத, உலோக உடலுடைய, மூன்றாவது தொடுப்புள்ள கருவிக்குப் புவியையும் சேர்த்துக் கடத்தும் மாற்றுச்செருகியே வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைப்பனவற்றுட் பல, மூன்று முனைகள் உடையன போலத் தோன்றினும் மூன்றாவது முனை வெறும் பிளாத்திக்காக இருக்கும். கதவைத் திறப்பதே அதன் வேலை. புவியோடு அதற்கு உறவில்லை. வாங்குமுன் திருப்பிப் பார்ப்பது நன்று.

ஐரோப்பியக் கருவியில் இடர் வடிவத்தோடு முடிகிறது. அங்கும் 230 வோல்ற்றே. கனடாவிலிருந்து வந்த பொருளில் இடர் வேறு. அங்கே வீட்டுக் குதையில் இருப்பது 120 வோல்ற்று. மாற்றுச்செருகி செருகியின் வடிவத்தை மாற்றுமேயன்றி மின்னழுத்தத்தை இம்மியும் மாற்றாது. இதனை அறியாமற் கெட்ட பொருள்களுக்குக் கணக்கில்லை. ரொறன்ரோவில் 500 வாற்று வலுவுடன் சோறாக்கிய பானை கொழும்புத்துறையில் 230 வோல்ற்றில் மாட்டப்பட்டால், அதன் சூடாக்கும் சுருள் ஏறக்குறைய மூன்றே முக்கால் மடங்கு வலுவை, அதாவது 1,800 வாற்றுக்கு மேல், உறிஞ்ச முற்படும். மின்னழுத்தம் இரட்டித்தால் வலு இரட்டிப்பதன்று, நான்கு மடங்காவது. அதுவே இந்தக் கணக்கின் சூட்சுமம். சோறு வேகுமுன் சுருள் வெந்துவிடும். அதனோடு நின்றால் நட்டம் ஒரு பானை. அருகே திரைச்சீலை இருந்தால் நட்டம் வீடு.

அலைவெண்ணிலும் வேறுபாடு உண்டு. கனடாவில் செக்கனுக்கு 60 சுற்று, இலங்கையில் 50. மின்வலையின் சுற்றுகளை எண்ணி ஓடும் மணிக்கூடு ஒன்றை அங்கிருந்து கொண்டுவந்து, மின்னழுத்தத்தைச் சரிசெய்து மாட்டினாலும், அது மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும். யப்பான் இதனினும் விந்தையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோக்கியோ ஜேர்மனியிலிருந்தும் ஒசாக்கா அமெரிக்காவிலிருந்தும் மின்பிறப்பாக்கிகளை வாங்கின. அதனால் இன்றுவரை அந்நாட்டின் கிழக்குப் பாகம் 50 சுற்றிலும் மேற்குப் பாகம் 60 சுற்றிலும் இயங்குகின்றன. மின்னழுத்தம் மட்டும் இரு பக்கத்திலும் 100 வோல்ற்று.

எனவே மாற்றுச்செருகியைத் தேடுமுன் கருவியின் தகட்டைப் படிக்க வேண்டும். ‘இன்புட்’ என்ற சொல்லின் பக்கத்தில் 100–240 என்றும் 50/60 என்றும் இருந்தால் அக்கருவி எந்த நாட்டிலும் இயங்கும். வடிவத்தை மட்டும் மாற்றினாற் போதும். மடிக்கணினி, கைத்தொலைபேசி, ஒளிப்படக் கருவி ஆகியவற்றின் மின்னேற்றிகள் பெரும்பாலும் இத்தகையன. 120 என்று ஒரே எண் இருந்தால், அதனை இலங்கைக் குதையில் நேராக மாட்டலாகாது. நிலைமாற்றி என்னும் கருவி மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் என்பது உண்மையே. ஆயினும், 1,500 வாற்றுத் தலைமயிர் உலர்த்திக்கு ஈடுகொடுக்கும் நிலைமாற்றி ஒரு சாக்கு அரிசியைப் போலக் கனக்கும்; உலர்த்தியைவிட விலையும் கூடியது. யாழ்ப்பாணக் கடையில் 230 வோல்ற்று உலர்த்தி ஒன்றை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். சூடாக்கும் கருவிகளை நாட்டுக்கு நாடு காவித் திரிவதில் பொதுவாக எவ்வித இலாபமும் இல்லை.

கொழும்புத்துறையிலிருந்து வெளியே செல்வோரின் நிலையையும் கருதுவோம். பலாலியிலிருந்து சென்னைக்குச் செல்பவர் தம்முடைய தட்டைமுனைச் செருகி அங்கே நுழையாதது கண்டு திகைப்பார். இந்தியா பழைய ஆங்கிலேய வட்டமுனையின் வழியையே இன்றும் பின்பற்றுகிறது. வீட்டின் மூலையில் கழற்றிப் போட்ட பழைய 5 அம்பியர்ச் செருகி சென்னையில் கம்பீரமாக உட்செல்லும்! மின்னழுத்தம் இரு நாட்டிலும் ஒன்றே. இலண்டனுக்குச் செல்பவருக்குத் தொல்லையே இல்லை. அது 13 அம்பியர்ச் செருகியின் பிறந்த வீடு. சுவிற்சலாந்துக்குச் செல்பவர்தாம் கவனிக்க வேண்டும். அந்நாட்டுக் குதை அயல் நாடான ஜேர்மனியின் குதையினின்றும் வேறானது; மூன்று மெல்லிய முனைகளுக்காக அமைந்து, பருத்த ஷூக்கோவை ஏற்க மறுப்பது. ‘ஐரோப்பா’ என்று பெட்டியில் அச்சிட்ட மாற்றுச்செருகி சூரிச்சில் பயனற்றுப் போகலாம். பிரான்சிலோ புவிமுனை குதையிலிருந்தே வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அவுஸ்திரேலியாவில் தட்டையான முனைகள் சாய்ந்து நிற்கும், மின்னழுத்தம் இங்குள்ளதுவே.

கனடாவுக்குப் பிள்ளைகளிடம் செல்லும் தாய்மார் சிலர் பழகிய கேத்தலைப் பிரிய மனமின்றி உடன் எடுத்துச் செல்வதுண்டு. 2,000 வாற்றுக் கேத்தல் அங்கே 550 வாற்றளவிலேயே இயங்கும். ஆபத்து இல்லை, ஆனால், இங்கே ஐந்து நிமிடத்திற் கொதித்த நீர் அங்கே இருபது நிமிடமாகியும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். ஜேர்மனிக்குக் கொண்டுசெல்லும் மேசை விளக்கில் வேறொரு நுட்பம் உண்டு. இலங்கைக் குதையில் உயிர்த்துளை எப்பக்கம் என்பது மாறாதது. ஷூக்கோவையோ இருபுறமும் திருப்பிச் செருகலாம். ஒரு பக்கமாகச் செருகினால் விளக்கின் ஆளி நொதுமற் கம்பியை மட்டும் துண்டித்து, உயிர்க்கம்பியை உள்ளேயே விட்டுவைக்கும். விளக்கு அணைந்திருக்கும், மின்சாரம் இருக்கும். எனவே குமிழை மாற்றுமுன் ஆளியை நம்பாமல் செருகியைக் கழற்றிவிட வேண்டும்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். கடனீரேரியின் உப்புக்காற்று பித்தளையைப் பதம்பார்க்கும் என்பது கரையோர வீட்டாருக்குத் தெரியும். முனையின் மேல் பச்சைப் பாசிபோலப் படியும் துரு மின்சாரத்தின் வழியைத் தடுக்கிறது. 2,000 வாற்றுக் கேத்தலினூடாக ஏறக்குறைய 8.7 அம்பியர் பாய்கிறது. தளர்ந்தும் துருவேறியும் உள்ள தொடுப்பில் அரை ஓம் தடை இருந்தால், அந்தத் தொடுப்பில் மட்டும் 38 வாற்று வெப்பம் பிறக்கும். பழைய 40 வாற்றுக் குமிழைத் தொட்டுச் சுட்டவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். அந்த வெப்பம் முழுவதும் பெருவிரலளவான பிளாத்திக்கினுள் அடைபட்டுக் கிடக்கிறது. எந்தச் செருகியையும் ஏற்கும் என்று விற்கப்படும் பல்வகைத் துளைப் பலகைகளில் இந்தத் தளர்ச்சி மிகுதி. எல்லாவற்றையும் ஏற்கும் துளை எதனையும் இறுகப் பற்றாது. மாற்றுச்செருகியின்மேல் மாற்றுச்செருகியை அடுக்கி, அதன்மேல் கேத்தலை மாட்டுவது தீயை விலைகொடுத்து வாங்குவதற்கு ஒப்பானது. பயன்படுத்திக் கழற்றியதும் செருகியைத் தொட்டுப் பார்க்கலாம். இளஞ்சூடு பொறுக்கத்தக்கது. கை சுடுமானால், பிளாத்திக்கு மஞ்சளோ கறுப்போ பூத்திருக்குமானால், மீன் கெட்டாற்போன்ற நெடி வருமானால், அதனை மீண்டும் மாட்டலாகாது.

ஐரோப்பாவிலிருந்து வந்த 230 வோல்ற்றுக் கருவி ஊரிலேயே தங்கிவிடப் போகிறதென்றால், மாற்றுச்செருகியே தேவையில்லை. தேர்ந்த மின்தொழிலாளி ஒருவரைக் கொண்டு அதன் செருகியை நீக்கி 13 அம்பியர்ச் செருகியைப் பூட்டுவித்தல் சிறந்த வழி. கபில நிறக் கம்பி உயிர், நீலம் நொதுமல், பச்சையும் மஞ்சளும் கலந்தது புவி. பழைய இலங்கைக் கம்பிகளில் சிவப்பு உயிரும் கறுப்பு நொதுமலுமாக இருந்தன. வட அமெரிக்காவிலோ கறுப்பு உயிர், வெள்ளை நொதுமல். கறுப்பை நொதுமலென்று எண்ணிப் பழகிய கண் இங்கே ஏமாறும். செருகியினுள் இடும் உருகியும் கருவிக்கு ஏற்றதாக வேண்டும்: 700 வாற்று வரையுள்ள கருவிக்கு 3 அம்பியர், அதற்கு மேற்பட்டதற்கு 13. கடையில் வாங்கும் செருகியில் பெரும்பாலும் 13 அம்பியர் உருகியே இருக்கும். மேசை விளக்கின் மெல்லிய வடத்துக்கு அது பொருந்தாது. ஆகவே செருகியை வாங்கும்போதே 3 அம்பியர் உருகி ஒன்றையும் கேட்டு வாங்கி, மின்தொழிலாளியிடம் கொடுத்துவிடலாம்.